பற்றவைத்த கைகளும் பங்கு விற்கும் கைகளும்

1963 நவம்பர் 21 மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் அமெரிக்க ஆய்வு ராக்கெட் விண்ணில் ஏறியது. இந்திய விண்வெளித் திட்டத்தின் பிறந்தநாள் அதுவே. சரியாக 62 ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 21 அன்று, 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு சட்டத் தொகுப்புகளை ஒன்றிய பாஜக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தேதி ஒன்றானது தற்செயல். ஆனால் முதல் தேதியின் பெருமையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அரசுதான் இரண்டாவது தேதியையும் தேர்ந்தெடுத்தது என்பது தற்செயல் அல்ல.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு நவம்பர்களும் அருகருகே தெரியும். ஒருபுறம் பத்மநாபசுவாமி கோவிலுக்குச் செல்லும் கூட்டம். மறுபுறம் சாலைக் கடைத்தெருவில் சரக்கு இறக்கும் சுமைத் தொழிலாளர்கள். நடுவே சாக்கைக்கும் வேளிக்கும் தும்பாவுக்கும் பேருந்து பிடிக்க நிற்கும் ஐடிஐ படித்த இளைஞர்கள். இவர்களில் நிரந்தரப் பணியாளர் யார், ஒப்பந்தக்காரரின் ஆள் யார் என்பது கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்; செய்யும் வேலையைப் பார்த்தால் தெரியாது.

விண்வெளித் துறையைப் பூட்டிலிருந்து விடுவித்துவிட்டதாக 2020 முதல் ஒன்றிய ஆட்சியாளர்கள் பறைசாற்றி வருகிறார்கள். அந்த ஆண்டு தனியார் நுழைவுக்கு அனுமதி வழங்க இன்ஸ்பேஸ் என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அந்நிய நேரடி முதலீட்டு விதிகள் தளர்த்தப்பட்டன. தானியங்கி வழியில், அதாவது அரசின் முன் அனுமதி கேட்காமலேயே, செயற்கைக்கோள் தயாரிப்பில் 74 சதவீதம் வரை, ஏவுகலங்களில் 49 சதவீதம் வரை அந்நிய முதலீடு வரலாம். பாகங்கள் தயாரிப்பில் 100 சதவீதமும் வரலாம். இந்தப் பாகங்கள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் தொட்டிகளும் உறைகளும் குழாய்களும், அவற்றை ஒன்றாக்கும் பற்றவைப்பும் அடங்கியிருக்கின்றன. நாட்டின் அறுபதாண்டு உழைப்பு எங்கே செறிந்து கிடக்கிறதோ அந்த இடத்தில்தான் கதவு முழுவதுமாகத் திறக்கப்பட்டிருக்கிறது.

பற்றவைப்பு என்றதும் தெருமுனைப் பட்டறையில் கேட் அடிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த வேலையும் இழிவானதல்ல. ஆனால் ராக்கெட் உறையில் நடப்பது வேறு. திட எரிபொருளை அடைத்து வைக்கும் உறை ஒரு பெரிய அழுத்தக் கலம். உள்ளே நெருப்பு பிடித்ததும் எழும் அழுத்தத்தை அது தாங்க வேண்டும். தடிமனாகச் செய்தால் ராக்கெட் தன் உடம்பையே சுமந்து களைத்துப்போகும். மெல்லியதாகச் செய்தால் வெடித்துவிடும். மெல்லியதாகவும் மிகுந்த வலுவோடும் இருக்கும் உலோகம் தேவை. உருக்கை வலுவாக்கக் கார்பனைக் கூட்டுவது பழைய வழி. அப்படிக் கூட்டிய உருக்கைப் பற்றவைத்தால், சூடுபட்ட பகுதி சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையைப் பெறும்; வேலை முடிந்து வெல்டர் வீட்டுக்குப் போன பிறகு நள்ளிரவில் விரிசல் விடும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது மாரேஜிங் உருக்கு. இதில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இராது. அதற்குப் பதிலாக 18 சதவீதம் நிக்கல், எட்டு சதவீத அளவில் கோபால்ட், ஐந்து சதவீத அளவில் மாலிப்டினம், சிறிதளவு டைட்டானியம். வார்த்து, உருட்டி, குளிரவைத்த நிலையில் இது ஓரளவு மிருதுவாக இருக்கும். கடையலாம், வளைக்கலாம், பற்றவைக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு சுமார் 480 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலையில் வைத்தால், உள்ளே நிக்கலும் மாலிப்டினமும் டைட்டானியமும் சேர்ந்து நுண்ணிய துகள்களாகப் பிரிந்து உலோகத்தை இறுக்குகின்றன. சாதாரணக் கட்டுமான உருக்கைப்போல் ஆறேழு மடங்கு வலிமை அதற்குக் கிடைக்கிறது. பிஎஸ்எல்வியின் 2.8 மீட்டர் விட்டமுள்ள முதல் கட்ட உறையும், சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற எல்விஎம்-3 ராக்கெட்டின் இருபுறமும் நிற்கும் 3.2 மீட்டர் விட்டமுள்ள எஸ்-200 உறைகளும் இந்த உருக்கால் ஆனவை.

படிக்கும்போது எளிதாகத் தோன்றும். செய்யும்போது, உருகிய குட்டை உறையும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாம் கெட்டுப்போக முடியும். அதே நிக்கல் குடும்பத்தைச் சேர்ந்த நிரப்புக் கம்பியை, ஆர்கான் வாயுவின் போர்வைக்குள், டிக் முறையில் மெல்ல உருக்கி ஓட்ட வேண்டும். சூடு மிகுந்தால் மாலிப்டினமும் டைட்டானியமும் உறையும் உலோகத்தின் இடுக்குகளில் ஒதுங்கிவிடும். பின்னர் உலையில் வைக்கும்போது அந்த இடங்கள் மட்டும் இறுகாமல் மெத்தென்று நின்றுவிடும். ஒரு வரிசை போட்டபின் போதிய அளவு ஆறும்வரை அடுத்த வரிசை போடக் கூடாது. கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கோ கைவியர்வையோ பட்டிருந்தால் அது உலோகத்துக்குள் ஹைட்ரஜனாகப் போய் உட்காரும். கண்ணும் மணிக்கட்டும் மூச்சும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் அந்த வரி நேராக ஓடும். எந்திரக் கையை வைத்தாலும் அதற்குக் கற்றுக்கொடுப்பது ஒரு வெல்டரின் கைதான்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. 1960களில் நாசாவுக்காக 260 அங்குல விட்டத்தில், ஏறத்தாழ 6.6 மீட்டரில், ஒரு பெரும் திட எரிபொருள் உறையை இதே 18 சதவீத நிக்கல் உருக்கில் செய்யும் பணி தயோக்கால் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. 1965 ஏப்ரலில் நீரழுத்தச் சோதனை நடந்தபோது, தாங்க வேண்டிய அழுத்தத்தில் பாதியைச் சற்றே தாண்டியதும் உறை சிதறியது. பற்றவைத்த இடத்தில், பரிசோதனைகளுக்குத் தப்பிய சிறு குறைகளே காரணம் என்று நாசாவின் விசாரணை கண்டது. அன்று உள்ளே இருந்தது தண்ணீர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் எரிந்து ஏழு பேர் மாண்டபோது, அதன் திட ராக்கெட்டுகளைச் செய்தளித்ததும் அதே தயோக்கால்தான். கடுங்குளிரில் ஏவக் கூடாது என்று அதன் பொறியாளர்கள் முந்தைய இரவு எச்சரித்தார்கள். நிர்வாகம் அதை ஒதுக்கிவிட்டு ஒப்புதல் கையெழுத்துப் போட்டது. தனியார் என்றால் திறமை என்று மந்திரம் ஓதுபவர்கள் அந்த விசாரணைக் குழுவின் அறிக்கையை ஒருமுறையாவது புரட்டட்டும்.

இந்த உருக்கையும் அதைப் பற்றவைக்கும் கலையையும் ஏகாதிபத்தியம் இந்தியாவுக்கு இனாமாகத் தரவில்லை. மாரேஜிங் உருக்கைக் கண்டறிந்தது கனடாவின் சட்பரிச் சுரங்கங்களில் வேரூன்றிய இன்கோ என்ற நிக்கல் ஏகபோக நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். (அந்தச் சட்பரியில்தான் 1978 செப்டம்பரில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நிக்கல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி எட்டரை மாதங்களுக்கு மேல் உறுதியாக நின்றார்கள்.) 1987இல் ஏழு பெரும் முதலாளித்துவ நாடுகள் கூடி உருவாக்கிய ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் பட்டியலில் மாரேஜிங் உருக்கு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 1992 மே மாதத்தில் கிரயோஜெனிக் ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி இஸ்ரோமீதும் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ்மீதும் அமெரிக்கா தடை விதித்தது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின், தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் வலியமலையின் திரவ உந்துவிசை மையமும் அமெரிக்க வணிகத் தடைப் பட்டியலில் ஏற்றப்பட்டன. 2011 ஜனவரியில்தான் நீக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் எந்தப் பங்குச்சந்தைப் புலியும் உருக்கு வார்க்க முன்வரவில்லை. லாபம் எப்போது வரும் என்று தெரியாத வேலைக்கு மூலதனம் வராது, வந்ததும் இல்லை.

வார்த்தது யார்? 1973இல் ஐதராபாத்தில் ஒன்றிய அரசு நிறுவிய மிதானி. தும்பாவின் விஞ்ஞானிகளும் மிதானியின் உருக்குத் தொழிலாளர்களும் சேர்ந்து இந்த உருக்கை உள்நாட்டில் உருவாக்கினார்கள். தகடுகளை உருட்டித் தந்தது செயில் நிறுவனத்தின் ரூர்கேலா ஆலை. உறைகளைப் பற்றவைத்துத் தந்தவற்றில் லார்சன் அண்ட் டூப்ரோவும் வால்சந்த்நகரும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உலோகமும் அதைப் பற்றவைக்கும் முறையும் பொதுப் பணத்தில் பிறந்தவை. இழப்பின் அபாயத்தை மக்கள் சுமந்தார்கள். ஆர்டர் உறுதியான பிறகு தனியார் வந்தார்கள். அங்கேயும் கம்பியைப் பிடித்தவர் முதலாளி அல்ல, தொழிலாளி.

மிதானிக்கு ஒன்றிய அரசு அளித்த பரிசு என்ன? 2018இல் அதன் 26 சதவீதப் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டன. நட்டத்தில் ஓடிய நிறுவனத்தைக் கைகழுவியதாகச் சொல்லவும் வழியில்லை. மிதானி லாபம் ஈட்டிக்கொண்டிருந்த ஆலை. பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைக்க, எதிரிகள் தர மறுத்த உலோகத்தை வார்த்த உலையின் நாலில் ஒரு பங்கு ஏலம் போனது.

கேரளத்தின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. கிழக்கேகோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சாக்கையில், கெல்டெக் என்ற மாநிலப் பொதுத்துறை நிறுவனம் இருந்தது. இஸ்ரோவுக்கு உலோக பாகங்கள் செய்துகொடுத்த ஆலை அது. 2007 இறுதியில், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியின்போது, அது பிரமோஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மாநிலத்தின் சொத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று அன்று முணுமுணுத்தவர்களும் உண்டு. இடதுசாரிகளும் ஆலையைக் கைமாற்றினார்களே என்று இன்றும் சில பேச்சாளர்கள் குத்திக்காட்டுகிறார்கள். வேறுபாடு எளிமையானது. பிரமோஸ் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும் ரஷ்ய அரசு நிறுவனமும் சேர்ந்த கூட்டு; அதில் இந்தியாவின் பங்கு 50.5 சதவீதம். ஆலை பூட்டப்படவில்லை, இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போகவில்லை, நிலம் அடுக்குமாடி வணிகர்களுக்குச் சென்று சேரவில்லை. பெரிய ஆர்டர் வரும் இடத்தோடு ஆலையை இணைப்பது ஒன்று. பங்கைக் கூறுபோட்டு விற்றுக் கணக்கை நேர்செய்வது முற்றிலும் வேறு.

சென்னையிலிருந்து ஒரு எதிர்வாதம் வரும். 2024 மே 30 அன்று அக்னிகுல் என்ற இளம் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. அதன் எஞ்சின் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்யப்பட்டது. உலோகம் இன்கனல் என்னும் நிக்கல் கலவை. லேசர் கதிர் பொடியைப் படலம் படலமாக உருக்கி ஒட்டுகிறது. ஒருவகையில் அதுவும் ஆயிரக்கணக்கான நுண்பற்றவைப்புகளின் தொகுப்புதான். அந்த இளைஞர்களின் சாதனை பாராட்டுக்குரியது. அதைச் சிறுமைப்படுத்துவது இடதுசாரிகளின் வேலையல்ல. ஆனால் அந்த நிறுவனம் வளர்ந்தது சென்னை ஐஐடி வளாகத்தில். ஏவியது இஸ்ரோவின் ஏவுதள வளாகத்துக்குள். பொது நிலத்தில் முளைத்த செடி அது. அதைக் காட்டி நிலத்தை விற்கச் சொல்வது எந்த ஊர் விவசாயம்?

திருச்சியையும் மறக்க முடியாது. பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் அங்கே இயங்குகிறது. 700 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீராவியைத் தாங்கும் கொதிகலன்களுக்காக, ஏறத்தாழ பாதி நிக்கலாலான 617 என்ற கலவையை உருவாக்கவும் பற்றவைக்கவும் பெல், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், என்டிபிசி ஆகிய மூன்றும் மிதானியின் துணையோடு உழைத்தன. 2016இல் ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்த திட்ட மதிப்பு 1,554 கோடி ரூபாய். முழுக்க முழுக்கப் பொதுத்துறை. தொழில்நுட்பம் தயாராகிவிட்டது என்று 2024 பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் பெருமையோடு அறிவித்தார். பொதுத்துறையின் உழைப்பைப் பட்ஜெட் உரையில் அலங்காரமாகச் சூடுவதும், அதே பொதுத்துறையின் பங்குகளுக்கு விலை பேசுவதும் ஒரே அமைச்சகத்தின் இரு கைகள்.

இனி 2025 நவம்பர் 21க்கு வரலாம். உயர்வலிமை உலோகத்தைப் பற்றவைக்கும் வெல்டர், ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகச் சோதனைத் துண்டு பற்றவைத்துக் காட்டித் தகுதி பெற வேண்டும். அழுத்தக் கலங்களுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஆறு மாத காலம் அந்த முறையில் பற்றவைக்காதிருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். மூலதனத்தின் சொந்த விதிப் புத்தகமே கைத்திறன் தொடர்ந்த பயிற்சியால் மட்டுமே உயிர்வாழும் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்த அரசு 2018 மார்ச்சில் அனைத்துத் தொழில்களுக்கும் விரித்து, இப்போது சட்டத் தொகுப்பில் நிலைநிறுத்தியிருப்பது குறித்த கால வேலை முறையை. காலம் முடிந்ததும் அந்த வெல்டர் வெளியே. ஓராண்டு முடித்தால் பணிக்கொடை உண்டு என்பதைச் சலுகையாகக் காட்டுகிறார்கள். பத்தாண்டில் பழுக்க வேண்டிய மணிக்கட்டை ஓராண்டுப் பணிக்கொடையால் எடை போடுவது இது.

மற்ற விதிகளும் இந்தத் திசையிலேயே ஓடுகின்றன. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. மின்சக்தியோடு இயங்கும் இடம் தொழிற்சாலையாகக் கருதப்பட முன்பு 10 பேர் போதும். இனி 20 பேர் வேண்டும். பெரிய நிறுவனங்களிடமிருந்து துண்டு வேலை வாங்கிச் செய்யும் சிறு பட்டறைகள் பல இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. சட்டப்படி அவை இனி தொழிற்சாலைகளே அல்ல; ஆய்வாளரும் இனி ஆய்வாளர் மட்டுமல்ல, வசதியளிப்பாளரும்கூட. யாருக்கு வசதி என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

பற்றவைப்புக் கூடத்தின் காற்றில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தால் இந்த வசதியின் விலை தெரியும். நிக்கல் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை நெடுங்காலத்துக்கு முன்பே முதல் வகையில் வைத்துவிட்டது. 2017இல் பற்றவைப்புப் புகையையே அந்த வகைக்கு உயர்த்தியது. நிக்கல்-குரோமியம் கலவைகளின் புகையில் ஆறு இணைதிறன் குரோமியமும் கலந்துவரும். மாரேஜிங் உருக்கில் உள்ள கோபால்ட்டும் ஐயப் பட்டியலில் இருக்கிறது. டிக் சுடரின் புற ஊதாக் கதிர் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றுகிறது. ஆர்கான் நஞ்சல்ல, ஆனால் காற்றைவிடக் கனமானது. மூடிய உறைக்குள் அடியில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். நிறமில்லை, மணமில்லை, உள்ளே குனிந்தவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

டிக் கருவியின் டங்ஸ்டன் முனையும் கவனத்துக்குரியது. சிவப்பு அடையாளமிட்ட முனைகளில் இரண்டு சதவீத அளவில் தோரியம் ஆக்சைடு இருக்கும். முனையைக் கூர்தீட்டும்போது பறக்கும் தூசு கதிரியக்கம் உடையது. சவறாவிலிருந்து மணவாளக்குறிச்சி வரை நீளும் பழைய திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் கிடக்கும் தோரியம், வேறு வடிவில் வெல்டரின் நுரையீரலைத் தேடி வருகிறது. தோரியம் இல்லாத மாற்று முனைகள் சந்தையில் உண்டு. அவற்றை வாங்கித்தர நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துவது வெறும் கொள்முதல் விவகாரம் அல்ல, தொழிற்சங்க விவகாரம்.

இங்கே தொழிற்சங்க இயக்கம் தன்னையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொதுத்துறையைக் காப்போம் என்ற முழக்கம் சரியானது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் கேரளம் அதை உரக்கச் சொன்னது. ஆனால் பொதுத்துறையின் மதில்களுக்கு உள்ளேயே ஒப்பந்த முறை பரவியபோது பல இடங்களில் நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரே உறையின் ஒரு வரியை நிரந்தர வெல்டரும் அடுத்த வரியை ஒப்பந்த வெல்டரும் போடுகிறார்கள். இருவரும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். ஒருவருக்கு ஆண்டு மருத்துவப் பரிசோதனை. மற்றவருக்கு ஒப்பந்தக்காரரின் கருணை. பங்கு விற்பனையை எதிர்த்துத் தெருவில் நிற்க அந்த ஒப்பந்தத் தொழிலாளியை அழைக்கும்போது, இந்த ஆலை எனக்கு என்ன செய்தது என்று அவர் கேட்டால் பதில் சொல்லும் நிலையில் சங்கம் இருக்க வேண்டும்.

கோரிக்கைகளை அவருடைய இடத்திலிருந்து தொடங்கலாம். புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் குழாய். மூடிய கலத்துக்குள் இறங்குமுன் ஆக்சிஜன் அளவீடு. வெளியே ஒரு காவலாள். நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதமில்லாத நுரையீரல் பரிசோதனை, வேலையை விட்டுச் சென்ற பிறகும் தொடரும் பரிசோதனை. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. இன்றைய நடைமுறையில் வெல்டரின் தகுதிப் பதிவேட்டை வைத்திருப்பது நிறுவனம் அல்லது ஒப்பந்தக்காரர். ஒப்பந்தக்காரர் மாறினால் அந்தத் தாள் பழைய அலுவலகத்திலேயே தங்கிவிடும். பத்தாண்டு பற்றவைத்தவர் புதியவரைப்போல் மறுபடியும் சோதனைத் துண்டோடு வரிசையில் நிற்பார். தகுதிச் சான்று தொழிலாளியின் பெயரில், திருச்சி நிலையம் போன்றதொரு பொது நிறுவனத்தின் முத்திரையோடு வழங்கப்பட வேண்டும். அது அவர் கையில் இருக்க வேண்டும். பணிமூப்பும் ஊதிய விகிதமும் ஒப்பந்தக்காரர் மாறிய தேதியிலிருந்தல்ல, அந்தச் சான்றின் முதல் தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும்.